சிறுபொருளாற் கணினி அமைக்கும் முறை

வீடு கட்டப் புகுவோர் கல்லும் மரமும் சுண்ணாம்பும் வேறு வேறு இடங்களில் தேர்ந்து வாங்குதல் போலக் கணினியையும் உறுப்பு உறுப்பாகத் தேர்ந்து வாங்கி, இல்லத்திலேயே பூட்டிக்கொள்ளலாம் என்பது நம் மாணவரிற் பலர் அறிந்ததே. ஆயினும் அதனைச் செய்யத் துணிவோர் சிலர். துணிந்தோருள்ளும் உறுப்புக்களின் தன்மையறியாது கைப்பொருளை இழந்தோர் உளர். அவருள் யாமும் ஒருவராதலின், எமது இழப்பு பிறர்க்கேனும் பயன்படுக என்று கருதி இக்கட்டுரையை எழுதலானோம்.

இங்ஙனம் உறுப்புக்களைப் பிரித்து வாங்கும் வசதி கணினி தோன்றிய நாள்தொட்டு இருந்ததன்று. முற்காலத்தில் ஒரு நிறுவனத்தார் செய்த பலகை மற்றொருவர் செய்த பெட்டியிற் பெரும்பாலும் பொருந்தாது. 1981-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அமெரிக்காவிலுள்ள ஐ.பி.எம். நிறுவனத்தார் தமது சிறு கணினியை வெளியிட்டனர். அதனை விரைவில் முடிக்க விரும்பிய அவர்கள், பிராசசரை இன்டெல் நிறுவனத்தாரிடமிருந்தும், ஏனைய பல உறுப்புக்களைப் பிறரிடமிருந்தும் வாங்கியே பூட்டினர். அதன் மின்சுற்றுப் படங்களையும் நூலாக அச்சிட்டு விற்றனர். ஆகவே பிறரும் அதற்கு ஒத்த யந்திரங்களையும் உறுப்புக்களையும் செய்யத் தொடங்கினர். பின்னர் 1995-ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனத்தார் ஏ.டி.எக்ஸ். என்னும் அளவுமுறையை வகுத்தனர். மதர்போர்டின் நீள அகலம், திருகாணித் துளைகள் இருக்குமிடம், மின்சாரம் புகும் முனைகளின் அமைப்பு ஆகியவை இம்முறையால் வரையறுக்கப்பட்டன. வெவ்வேறு நாடுகளில், ஒருவரையொருவர் கண்டறியாத தொழிலாளர் செய்த உறுப்புக்கள் சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையின் மேசைமேற் கூடி, ஒன்றோடொன்று பிசகாது பொருந்துதல் இவ்வளவுமுறையாலேயே என்க.

இனி, கைப்பொருள் சிறிதாயின் முதற்கண் வினவவேண்டுவது, இவ்யந்திரம் நமக்கு என்ன வேலை செய்யவேண்டும் என்பதே. எந்த உறுப்பு சிறந்தது என்று தொடங்குவோர்க்கு முடிவே இல்லை. ஒவ்வொன்றினும் சிறந்தது மற்றொன்று உண்டு. மாணவரிற் பெரும்பாலோர் செய்யும் வேலை யாது? கட்டுரை தட்டச்சிடுதல், கணக்கு அட்டவணை அமைத்தல், இணையத்தில் நூல்களைத் தேடுதல், விரிவுரைகளைக் காணுதல், சிறு நிரல்கள் எழுதிப் பழகுதல் என்பனவே. இவற்றுக்குக் கிராபிக்ஸ் கார்டு வேண்டுவதில்லை. திரைப்படம் தொகுப்போர்க்கும், பெரிய விளையாட்டுக்களை விரும்புவோர்க்கும், யந்திரக் கற்றல் பயில்வோர்க்கும் அது வேண்டும். "பிற்காலத்தில் வேண்டியிருக்கலாமே" என்று எண்ணி இன்றே அதனை வாங்குதல், பிறவாத பிள்ளைக்குப் புத்தகப்பை வாங்குதலை ஒக்கும். மதர்போர்டில் அதற்குரிய இடம் ஒழிந்தே இருக்கும். வேண்டும் காலத்தில் செருகிக்கொள்ளலாம். 2021-ஆம் ஆண்டில் மின்நாணயம் தோண்டுவோர் இக்கார்டுகளைக் கூட்டங்கூட்டமாய் வாங்கியமையால் விலை பன்மடங்கு ஏறியபோது அவசரப்பட்டு வாங்கியோர், மறுவருடமே விலை சரியக் கண்டு வருந்தினர்.

2023-ஆம் ஆண்டில் எம் அன்னையார் சீட்டுக் கட்டி எடுத்த 35,000 ரூபாயை எம் கையிற் கொடுத்தனர். அத்தொகை முழுவதையும் பெட்டிக்குள் இருக்கும் உறுப்புக்களுக்கே பங்கிட்டுக் கணக்கெழுதியது யாம் செய்த முதற்பிழை. மானிட்டர், கீபோர்டு, மௌஸ், யு.பி.எஸ். ஆகியவற்றின் விலையை முதலிற் கழித்து, எஞ்சியதையே ஏனையவற்றுக்குப் பங்கிடல் வேண்டும். இவற்றுள் மானிட்டருக்குக் கொடுக்கும் பணம் வீண்போவதில்லை. பிராசசர் நான்கைந்து ஆண்டுகளிற் பழமைப்பட்டுவிடும்; நல்ல மானிட்டரோ அதற்கடுத்த கணினிக்கும் உதவும். நாள்தோறும் ஆறு மணிநேரம் நம் கண் படுவது அதன்மேலேயன்றோ? 22 அங்குலத்துக்குக் குறையாததும், 1920-க்கு 1080 புள்ளிகள் உடையதும், பக்கத்திலிருந்து நோக்கினும் நிறம் மாறாத ஐ.பி.எஸ். வகையினதுமாகிய ஒன்றைக் கொள்ளுதல் நன்று.

பிராசசரைத் தேர்வதில் எண்ணைக் காட்டிலும் அதன் ஈற்றெழுத்தையே முதலில் நோக்கவேண்டும். இன்டெல் பிராசசரின் பெயர் 'எஃப்' என்னும் எழுத்தில் முடியுமாயின், திரையில் உருவங்காட்டும் பகுதி அதனுள் இயங்காது. அதன் விலை சற்றுக் குறைவாயிருத்தல் கண்டு மகிழ்ந்து வாங்கியோர், வீட்டில் எல்லாவற்றையும் பூட்டியபின் இருண்ட திரையையே காண்பர். பின்னர்க் கிராபிக்ஸ் கார்டுக்கு அதனினும் பன்மடங்கு பணம் கொடுக்க நேரும். ஏ.எம்.டி. நிறுவனத்தாரின் ஏ.எம்.4 வரிசையிலோ நிலைமை மறுதலையானது. அங்கே பெரும்பாலும் 'ஜி' என்னும் ஈற்றெழுத்து உடையவற்றிற்றான் உருவங்காட்டும் பகுதி உண்டு. யாம் தேர்ந்தது அவ்வரிசையில் 2021-இல் வெளிவந்த ரைசன் 5 5600ஜி என்பது. ஆறு கோர்களும், 65 வாட் அளவும் உடைய அஃது, எம் வேலைக்கு வேண்டியதினும் மிகையே. அதே நிலையில் வைத்து எண்ணத்தக்கது இன்டெல் நிறுவனத்தாரின் கோர் ஐ3 12100. நான்கு கோர்களே உடையதாயினும் ஒவ்வொன்றும் விரைவுள்ளது. கட்டுரை எழுதுவோர்க்கு இரண்டனுக்கும் வேற்றுமை தோன்றாது.

இவ்விரண்டும் பழைய வரிசையினவே. 2022-இல் ஏ.எம்.5 வந்துவிட்டது; இன்டெல் நிறுவனத்தாரும் 2024-இல் தமது பொருத்துவாயை மாற்றிவிட்டனர். புதிய வரிசையில் வாங்கினால் நாளைக்குப் பிராசசரை மட்டும் மாற்றி மேம்படுத்தலாமே என்று சிலர் கூறுவர். அது மெய்யே. ஆயினும் சிறு பொருளுடையோர் ஒரு கணினியில் மேலும் மேலும் பிராசசர் மாற்றுதலை யாம் கண்டதில்லை. அவர் வாங்கியதை அது ஓயுமளவும் வைத்தே ஆள்வர். ஆகலின் புதுமைக்கென்று கொடுக்கும் மிகைப்பணம் அவர்க்குப் பயன்படுதல் அரிது. பிராசசரைப் பெட்டியோடு தருகின்றனரா, பெட்டியின்றி 'டிரே' வகையாகத் தருகின்றனரா என்பதையும் கேட்டறிக. பெட்டியில்லாததோடு குளிர்விக்கும் விசிறி வாராது. அதனைத் தனியே வாங்குங்கால் குறைத்த விலை கூடிவிடும்.

மதர்போர்டைப் பற்றி விரித்துரைக்க வேண்டுவதில்லை. பிராசசரின் பொருத்துவாய்க்கு இசைந்ததாயும், வாங்கக் கருதிய ராம் வகைக்கு இசைந்ததாயும் இருப்பின், மிகு விலையுள்ள பலகையால் மாணவர்க்குப் பெரும்பயன் இல்லை. ஏ.எம்.4 வரிசையில் ஏ520 என்னும் வகையே போதும். பி550 வகையில் செருகுமிடங்கள் மிகுதி. ஒன்றுமட்டும் எச்சரிக்கை செய்கின்றோம். பி450 முதலிய பழைய பலகைகள் கடையில் நெடுநாட் கிடந்தனவாயின், அவற்றிற் பதிந்துள்ள பயாஸ் பழையதாகையால், பின்வந்த 5000 வரிசைப் பிராசசரை அவை அறியமாட்டா. அதனைப் புதுப்பிப்பதற்குப் பல பலகைகளில் பழைய பிராசசர் ஒன்று வேண்டும். கடைக்காரரையே புதுப்பித்துத் தரும்படி கேட்பது முறை. கேட்டுச் செய்யாதவர் நன்றே.

ராம் வாங்குவதில் அளவும் வேண்டும், சோடியும் வேண்டும். 8 ஜி.பி. உள்ள ஒன்று இன்றைய வேலைக்கு இடுக்கமானது; 16 ஜி.பி. வசதியானது. அப்பதினாறையும் ஒரே துண்டாக வாங்காது எட்டு எட்டாக இரண்டு வாங்குதல் ஏன் எனின், பிராசசர் இரண்டு வழிகளில் ஒருங்கே தரவைப் பெறும். தனிக் கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் உருவங்காட்டும் பகுதியும் அதே ராமைப் பங்கிட்டு உண்ணுதலால், ஒற்றைவழி அடைபட்டு நிற்கும். நான்கு குழிகள் உள்ள பலகையாயின், பிராசசருக்கு அருகிலுள்ளதை முதலாக எண்ணி, பெரும்பாலும் இரண்டாவதிலும் நான்காவதிலும் செருகவேண்டும்; பலகையோடு வரும் கைந்நூலைப் பார்த்துச் செய்க. டி.டி.ஆர்.4 வகையும் டி.டி.ஆர்.5 வகையும் நீளத்தில் ஒன்றே போலிருப்பினும், அடியிலுள்ள வெட்டு இடம் மாறியிருத்தலால் ஒன்றன் குழியில் மற்றொன்று புகாது. ராமின் விலையோ கடல்மீன் விலை போன்றது. 2025-ஆம் ஆண்டின் பிற்பகுதியில், செயற்கை அறிவுக்கான பெருநிலையங்கள் நினைவுச் சில்லுகளை வாரிக்கொண்டமையால், சில மாதங்களுக்குள் அதன் விலை இருமடங்குக்கும் மேல் ஏறிற்று. இக்கட்டுரையில் உறுப்புக்களின் விலைப்பட்டியலை யாம் அச்சிடாதது இதனாலேயே.

தரவைச் சேமிக்க எஸ்.எஸ்.டி. ஒன்றே தக்கது. சுழலும் தட்டுடைய பழைய ஹார்டு டிஸ்க் திரைப்படங்களையும் பழம்பதிவுகளையும் அடைத்துவைக்கும் பரணாகப் பயன்படுமேயன்றி, கணினியை இயக்கும் இடமாகப் பயன்படாது. சாட்டா வகை எஸ்.எஸ்.டி. ஒரு நொடியில் ஏறக்குறைய 550 எம்.பி. படிக்கும், என்.வி.எம்.இ. வகையிற் பல 3,500 எம்.பி.யும் அதற்கு மேலும் படிக்கும். எண்ணிற் பெரிய இவ்வேற்றுமை தட்டச்சு வேலையில் அவ்வளவாய்ப் புலப்படாது. ஹார்டு டிஸ்கிலிருந்து இவற்றுள் எதற்கு மாறினும் தோன்றும் விரைவே எல்லார்க்கும் புலப்படுவது.

நிற்க. இனிக் கூறப்புகுவது எஸ்.எம்.பி.எஸ். என்னும் மின்வழங்கியைப் பற்றியது. ஏனையவற்றைப் பற்றி நண்பர் பலர் எமக்கு அறிவுரை கூறினர். இதனைப் பற்றி ஒருவரும் கூறவில்லை. இது விரைவைக் கூட்டுவதன்று, திரையில் தோன்றுவதுமன்று. ஆகலின் பணம் குறையுங்கால் எல்லாரும் முதலிற் கைவைப்பது இதன்மேலேயே. யாமும் அங்ஙனமே செய்தோம். கேபினெட்டோடு எஸ்.எம்.பி.எஸ். ஒன்றை இனாமாகத் தருவதாகக் கடைக்காரர் கூற, தனியே வாங்கக் கருதியிருந்ததைக் கைவிட்டு, 1,800 ரூபாய் மிச்சமாயிற்று என்று மகிழ்ந்து திரும்பினோம்.

அதன் பக்கத்தில் 450 வாட் என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. அதன்கீழ்ச் சிறிய எழுத்தில் இருந்த அட்டவணையை யாம் அன்று படிக்கவில்லை. கணினியின் பெரும்பாலான மின்சாரம் 12 வோல்ட் வழியிலேயே செல்லும். அவ்வழியில் எத்தனை ஆம்பியர் என்பதைப் பார்த்து, 12-ஆற் பெருக்கினால் உண்மை வலிமை புலப்படும். நேர்மையான 450 வாட் கருவியில் அது 37 ஆம்பியர் அளவில், அஃதாவது 444 வாட்டாக இருக்கும். எமதில் எழுதியிருந்தது 14 ஆம்பியர். பெருக்கினால் 168 வாட். எம் கணினி முழுவேலை செய்யுங்காலும் 150 வாட்டுக்கு மிகாதாகையால் அதுவும் போதும் என்று ஒருவர் வாதிடலாம். ஒன்பது மாதம் அஃது இயங்கவே செய்தது. வலிமையின்மையினும் கொடியது காப்பின்மை. நல்ல எஸ்.எம்.பி.எஸ்., தன்னுட் பிழை நேர்ந்து மின்னழுத்தம் எல்லை கடக்குமாயின் தானே அணைந்துவிடும். தான் கெடினும் தன்னைச் சார்ந்தவற்றைக் கெடுக்காது. மலிவான கருவிகளில் முதலில் விட்டுவிடப்படுவது அக்காப்புச் சுற்றே.

ஐப்பசி மாதத்து மழையிரவொன்றில் மின்சாரம் போயும் வந்தும் தடுமாறிக்கொண்டிருந்தது. யு.பி.எஸ். வாங்குதலை அடுத்த மாதத்திற்குத் தள்ளிவைத்திருந்தோம். மூன்றாம் முறை விளக்கு எரிந்தபோது பெட்டிக்குள் பட்டாசு வெடித்தாற்போல ஓரொலி எழுந்து, கரிந்த நாற்றம் பரவிற்று. மறுநாள் பழுதுபார்ப்போரிடம் கொண்டுசென்றோம். பிராசசரும் ராமும் பிழைத்தன, மதர்போர்டும் எஸ்.எஸ்.டி.யும் ஒழிந்தன. மதர்போர்டு பணத்தால் மீள்வது. எஸ்.எஸ்.டி.யில் எம் பாட்டியார் பாடிய தாலாட்டுக்கள் பதினொன்றின் ஒலிப்பதிவு இருந்தது. தமிழ்ப் பாடத்திற்கென்று யாம் தொகுத்தது. அவர் அவ்வாண்டு சித்திரையிற் காலமாயினர். வேறு படி எடுத்து வைக்கும் எண்ணம் எமக்குத் தோன்றியிருக்கவில்லை. அன்னையார் எம்மைக் கடிந்து ஒருசொல்லும் சொல்லவில்லை, "பாட்டுமா போயிற்று?" என்று மட்டும் கேட்டனர்.

ஆகவே இவ்வுறுப்பைப் பற்றி யாம் அறிந்தவற்றை அழுத்திக் கூறுகின்றோம். முதலாவது, கேபினெட்டோடு இனாமாக வருவதை நம்பற்க. '80 பிளஸ்' என்னும் முத்திரை 2004-ஆம் ஆண்டு தொட்டு வழங்குவது. சுமை ஐந்தில் ஒரு பங்காயினும் பாதியாயினும் முழுதாயினும் உள்வாங்கும் மின்சாரத்தில் நூற்றுக்கு எண்பதேனும் பயன்படுதலை அது குறிக்கும். அது சிக்கனத்துக்குச் சான்றேயன்றிக் காப்புக்கு நேர்ச்சான்று அன்று. ஆயினும் அத்தேர்விற் றேறிய கருவி பெரும்பாலும் செவ்விய முறையிற் செய்யப்பட்டதாயிருக்கும். பொய்முத்திரை ஒட்டியனவும் உளவாதலின், மேற்கூறிய ஆம்பியர்க் கணக்கைக் கடையிலேயே போட்டுப் பார்க்க. கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினிக்கு நேர்மையான 450 வாட் தாராளம். 750 வாட் வாங்குமாறு வற்புறுத்துவோர்க்குச் செவிகொடுக்க வேண்டா. இரண்டாவது, சுவரிலுள்ள மூன்றாந் துளையில் நிலத்தொடர்பு உண்மையாகவே உளதா என்று மின்பணியாளரைக் கொண்டு சோதிக்க. பழைய வீடுகளில் துளை மட்டும் இருக்கும், கம்பி இராது. மூன்றாவது யு.பி.எஸ். கடைகளில் 600 வி.ஏ. என்று விற்பது பெரும்பாலும் 360 வாட்டையே தாங்கும். எம்மைப் போன்றோர் கணினிக்கும் மானிட்டருக்கும் அது போதும். எழுதியதைச் சேமித்து முறையே அணைப்பதற்குச் சில நிமிடங்கள் கிடைக்கும்.

கேபினெட்டைப் பற்றிச் சிறிது. முன்புறம் கண்ணாடியும் வண்ணவிளக்குகளும் உடைய பெட்டிகள் இளைஞர் கண்ணைக் கவர்கின்றன. காற்றுப் புகுவதற்கு வழி எங்கே என்று கேட்டால் விற்போர் விழிக்கின்றனர். சித்திரை வெயிலில் அறையே 38 பாகை இருக்குமிடத்தில், முன்புறம் வலைத்துளைகளும், தூசு தடுக்கும் சல்லடையும், பின்புறம் விசிறியும் உள்ள எளிய பெட்டியே வேண்டப்படுவது.

பழைய அலுவலகக் கணினியை வாங்குதல் கூடாதோ என்று சிலர் வினவுவர். கூடும், சிறுபொருளோர்க்கு அது நல்ல வழியும் ஆகும். ஆயினும் விண்டோஸ் 10-க்குரிய ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இன்டெல் பிராசசர்களில் எட்டாம் தலைமுறைக்கு முற்பட்டவற்றைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. ஆறாம் ஏழாம் தலைமுறையினவற்றை மலிவாக விற்பதன் காரணம் இதுவே. லினக்ஸ் பயன்படுத்துவோர்க்கு இத்தடை இல்லை. அதற்கு விலையும் இல்லை. தமிழ்99 விசைமுறையில் தட்டச்சிடும் வசதியும் அதில் உண்டு. இன்னொன்று: அத்தகைய கணினிகள் பலவற்றில் எஸ்.எம்.பி.எஸ். முனைகள் பொதுவளவுக்கு மாறாக இருத்தலால், அது கெட்டுப்போயின் அவ்வினத்ததையே தேடியலைய வேண்டும்.

மீண்டும் எம் செய்திக்கு வருவோம். அன்னையார் தம் வளையலை அடகுவைக்க எடுத்தனர், யாம் இசையவில்லை. கோடை விடுமுறையில் ஓர் அச்சகத்தில் இரண்டு மாதம் பிழைதிருத்தி ஈட்டிய பணத்தைக்கொண்டு, நல்ல எஸ்.எம்.பி.எஸ். ஒன்றையும் யு.பி.எஸ். ஒன்றையும் முதலில் வாங்கினோம். எஞ்சியதற்கு ஏ520 மதர்போர்டும், 500 ஜி.பி. எஸ்.எஸ்.டி.யும் கிடைத்தன. ஒவ்வொன்றுக்கும் ரசீது கேட்டுப் பெற்று, அதன் படியைக் கைப்பேசியிற் பிடித்துக்கொண்டோம். கடைத்தாளில் அச்சிட்ட மை ஓராண்டில் மங்கிவிடும், உத்தரவாதமோ மூன்று ஆண்டு நிற்கும்.

கூடத்தில் பாய் விரித்து, இரும்புச் சன்னற் கம்பியைத் தொட்டுக் கையிலிருந்த நிலைமின்னைப் போக்கிக்கொண்டு பூட்டத் தொடங்கினோம். 24 முனையுள்ள பெரிய இணைப்பைச் செருகியபின், பிராசசருக்கு அருகிலுள்ள 8 முனை இணைப்பைச் செருக மறத்தல் புதியோர்க்கு இயல்பு, யாம் மறந்திலேம். ஆயினும் பொத்தானை அழுத்தியபோது விசிறி சுழன்றதேயன்றித் திரை ஒளிரவில்லை. நெஞ்சம் துணுக்குற்றது. ராமைக் கழற்றி, இருபுறத்துக் கொக்கியும் 'டிக்' என்று ஒலிக்குமளவும் அழுத்திச் செருகி மறுபடியும் அழுத்தினோம். திரை ஒளிர்ந்து, 16 ஜி.பி. என்று காட்டிற்று.

பதினொரு தாலாட்டுக்களுள் இரண்டைச் சித்தி மகளுக்குக் கைப்பேசி வழியே முன்னரே அனுப்பியிருந்தமை அப்பொழுதுதான் நினைவுக்கு வந்தது. அவளிடமிருந்து அவற்றைத் திரும்பப் பெற்று, கணினியில் ஒன்றும், பெயர்த்தெடுக்கும் பென்டிரைவில் ஒன்றும், அவள் கையிலேயே ஒன்றுமாக மூன்று படிகள் வைத்திருக்கின்றோம். அன்னையார் இரண்டையும் அன்றிரவு கேட்டனர்.